வெலிங்டனில் படித்தார்கள், லாகோஸில் ஆண்டார்கள்

நைஜீரியாவை ஆண்ட இரண்டு ஜெனரல்கள் நம் நீலகிரியில் பாடம் படித்தவர்கள். ராணுவம் அங்கே ஏன் ஆட்சிக்கு வந்தது, இங்கே ஏன் வரவில்லை? விடையின் பெரும்பகுதி ஸ்ரீபெரும்புதூரின் தேர்தல் வரலாற்றில் இருக்கிறது.

1967 பொதுத்தேர்தலில் ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி ஒரு முதலமைச்சரைத் தோற்கடித்தது. எம்.பக்தவத்சலம் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். காமராஜருக்குப் பிறகு முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவர். 1962-ல் இதே தொகுதியில் வென்றவர். அவரை தி.மு.க. வேட்பாளர் டி.ராஜரத்தினம் வீழ்த்தினார். காரணம் ஊரறிந்தது. 1965 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் தெருவில் இறங்கியபோது, பக்தவத்சலம் அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. போலீஸ் போதாமல் சில ஊர்களுக்கு ராணுவமும் வரவழைக்கப்பட்டது. அரிசிப் பஞ்சம் வேறு. மக்கள் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து வாக்குச்சாவடிக்குப் போனார்கள். விருதுநகரில் காமராஜரே பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். மார்ச் 6 அன்று அண்ணா பதவியேற்றார். 1965-ல் வந்த ராணுவம் அதற்கு வெகு முன்பே முகாமுக்குத் திரும்பிவிட்டிருந்தது.

அதே 1965-ன் அக்டோபரில், சுதந்திரம் பெற்று ஐந்து வயதே ஆன நைஜீரியாவின் மேற்கு மாகாணத்திலும் தேர்தல் நடந்தது. அங்கும் ஆட்சியின் மீது மக்களுக்குக் கொதிப்பு இருந்தது. ஆனால் வாக்குச்சீட்டு திருடப்பட்டது. எதிர்க்கட்சி வேட்பாளர்கள் மனு தாக்கல் செய்யவே விடப்படவில்லை. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதை எண்ணிக்கை தீர்மானிக்கவில்லை, ஆளுங்கட்சி தீர்மானித்தது. மக்கள் வீடுகளையும் வண்டிகளையும் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். அவர்களுக்குக் காத்திருக்க ஒரு 1967 இல்லை. மூன்று மாதங்கள் கழித்து, 1966 ஜனவரி 15 அதிகாலையில், ராணுவம் வந்தது. பிரதமர் அபுபக்கர் தஃபாவா பலேவா கொல்லப்பட்டார். வடக்கு, மேற்கு மாகாண முதல்வர்களும் நிதியமைச்சரும் கொல்லப்பட்டார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. ஆப்பிரிக்காவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம், "அந்த நாடுகளே அப்படித்தான்" என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த எண்ணம் தவறு. நைஜீரியாவின் கதையில் தமிழ்நாட்டுக்கு நேரடியான பங்கே இருக்கிறது.

குன்னூர் அருகே ஒரு கல்லூரி

2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் காட்டேரி அருகே விழுந்து நொறுங்கியபோது, வெலிங்டன் என்ற பெயரை நாடே கேட்டது. அவர் உரையாற்றச் சென்றுகொண்டிருந்த இடம் அங்குள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி. தேசப் பிரிவினையில் குவெட்டா கல்லூரி பாகிஸ்தானுக்குப் போய்விட, நமக்கென்று குன்னூர் மலையில் உருவான நிறுவனம் அது. மேஜர் அளவில் இருக்கும் அதிகாரிகளை அடுத்த கட்டப் பொறுப்புக்குத் தயார்செய்கிறது. படித்து முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டம் கொடுக்கிறது. நட்பு நாடுகளின் அதிகாரிகளுக்கும் ஆண்டுதோறும் இடம் உண்டு.

1965-ல் அங்கே வந்த நைஜீரிய அதிகாரிகளில் ஒருவர் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ. முப்பது வயதைக்கூட எட்டாத பொறியியல் பிரிவு அதிகாரி. வெலிங்டனிலும் பிறகு புனேயிலும் படித்தார். இங்கே கண்ட பசியும் பட்டினியும் அவரை உலுக்கின. மதங்களைப் பற்றிப் படிக்கும் ஆர்வமும் இங்கேதான் வந்தது. 1966 ஜனவரியில் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பிய நாட்களிலேயே முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. நடத்திய இளம் மேஜர்களில் முக்கியமானவரான சுக்வுமா கடுனா நெசோக்வு, ஒபசாஞ்சோவின் நெருங்கிய நண்பர். பத்து ஆண்டுகள் கழித்து ஒபசாஞ்சோவே நாட்டின் ராணுவ ஆட்சித் தலைவர் ஆனார்.

1973-ல் அதே வெலிங்டனில் படித்தவர் முகமது புஹாரி. 1983-ன் கடைசி நாளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்தவர். அவரைக் கவிழ்த்த இப்ராஹிம் பபாங்கிடாவும் 1963-ல் டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி பெற்றவர். நைஜீரியாவின் சொந்த ராணுவ அகாடமி 1964-ல் கடுனாவில் தொடங்கப்பட்டபோது, அதைக் கட்டி எழுப்பிக் கொடுத்ததும் இந்திய அதிகாரிகள்தான்.

அணிவகுப்பும் வரைபடமும் போர்த்தந்திரமும் இரு நாட்டு அதிகாரிகளுக்கும் ஒன்றாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டன. ஆகவே பயிற்சியில் குறை என்று சொல்லிவிட முடியாது. கட்டுப்பாடு தெரியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. நெசோக்வு பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்டில் பயின்றவர். பின்னாளில் ஆட்சிக்கு வந்த யாகுபு கோவனும் அப்படியே.

ஊழலை ஒழிக்க வந்தவர்கள்

கடுனா வானொலியில் நெசோக்வு பேசியபோது, பத்து சதவீத லஞ்சம் கேட்பவர்களையும் நாட்டைப் பழங்குடிகளாகப் பிரிப்பவர்களையும் எதிரிகள் என்று அறிவித்தார். அன்று பல ஊர்களில் மக்கள் மகிழ்ந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அந்த மகிழ்ச்சி ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. சதியில் ஈடுபட்ட அதிகாரிகளில் பெரும்பாலோர் கிழக்கைச் சேர்ந்த இக்போ இனத்தவர். கொல்லப்பட்ட பெருந்தலைவர்கள் வடக்கையும் மேற்கையும் சேர்ந்தவர்கள். ஆட்சிக்கு வந்த ஜெனரல் அகுயி இரோன்சியும் இக்போ. மாகாணங்களின் அதிகாரத்தைப் பறித்து ஒற்றையாட்சி ஆணை ஒன்றை மே மாதம் அவர் பிறப்பித்ததும் வடக்கு வெடித்தது. ஜூலையில் வடக்கத்திய அதிகாரிகள் இரோன்சியைக் கொன்றார்கள். 31 வயது கோவன் தலைவரானார். வடக்கில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டார்கள். தப்பியவர்கள் கிழக்குக்கு ஓடினார்கள். 1967 மே 30 அன்று கிழக்கு, பயாஃப்ரா என்ற தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது.

அடுத்து நடந்த இரண்டரை ஆண்டுப் போரில் இறந்தவர்கள் பத்து லட்சத்துக்குக் குறையாது என்பதே பொதுவான கணிப்பு. முப்பது லட்சம் என்பவர்களும் உண்டு. குண்டுபட்டு இறந்தவர்களைவிட முற்றுகையால் பட்டினி கிடந்து இறந்தவர்கள்தான் அதிகம், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். வயிறு உப்பிய அந்தப் பிஞ்சுகளின் படங்கள் 1968-ல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. 1970 ஜனவரியில் பயாஃப்ராவின் சரணாகதியை முன்னின்று பெற்ற படைத்தளபதி, வெலிங்டனில் படித்துவிட்டுப் போன அதே ஒபசாஞ்சோ.

ஈழப்போரின் கடைசி மாதங்களைப் பார்த்த தமிழர்களுக்கு, முற்றுகை என்றால் என்ன, உணவுக் கப்பல் வராத கரை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் பயாஃப்ராவை ஒரு பத்தியில் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. ஊழல் அரசியல்வாதிகளை அகற்றுகிறோம் என்று ஒரு சில மேஜர்கள் ஓர் அதிகாலையில் எடுத்த முடிவு, பதினெட்டு மாதங்களில் ஒரு நாட்டை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அரசியல்வாதிகள் தவறு செய்தால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். ராணுவத்துக்குள் இனவாரியாகப் பிளவு வந்தால், அந்தப் பிளவின் இரு பக்கத்திலும் துப்பாக்கி இருக்கும்.

போர் முடிந்தது, எண்ணெய் விலை ஏறியது. 1973-க்குப் பிறகு நைஜீரியாவில் பணம் கொட்டியது. தமிழ்நாட்டிலிருந்துகூடப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே வேலைக்குப் போன காலம் அது. அந்தப் பணத்தை ராணுவ நிர்வாகம் எப்படிக் கையாண்டது என்பதற்கு ஒரு சாட்சி போதும். ஸ்ரீபெரும்புதூரில் சரக்குப் போக்குவரத்து பார்ப்பவர்கள் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். 1975-ல் கோவன் அரசு உலகெங்கும் சுமார் 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. லாகோஸ் துறைமுகத்தால் ஆண்டுக்கு அதில் ஒரு சிறு பங்கைத்தான் இறக்க முடியும். நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் வரிசைகட்டி நின்றன. நின்ற ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரனுக்குத் தாமதக் கட்டணம். மூட்டையிலேயே கெட்டிப்பட்ட சிமெண்ட் ஏராளம். கேள்வி கேட்க நாடாளுமன்றம் இல்லை, தணிக்கை அறிக்கையை விவாதிக்கக் குழு இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் கோவன் கம்பாலா மாநாட்டுக்குப் போயிருந்தபோது வேறு அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள்.

புதிய தலைவர் முர்தாலா முகமது 1976 பிப்ரவரியில் லாகோஸ் போக்குவரத்து நெரிசலில் காருக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். துணைத் தலைவராக இருந்த ஒபசாஞ்சோ பொறுப்பேற்றார். அவர் செய்த ஒரு காரியத்தை வரலாறு மறக்காது. 1979 அக்டோபர் 1 அன்று, தேர்தலில் வென்ற ஷெஹு ஷகாரியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நைஜீரியாவில் அதுவரை எந்த ராணுவத் தலைவரும் அப்படிச் செய்ததில்லை. அதற்காக அவர் ஆட்சியைப் புனிதப்படுத்த முடியாது. பாடகர் ஃபெலா குட்டியின் வீட்டுக்குள் 1977-ல் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் புகுந்து தீ வைத்ததும், பெண்ணுரிமைப் போராளியான அவருடைய வயதான தாயை மாடி ஜன்னலிலிருந்து தூக்கி எறிந்ததும் அவர் ஆட்சியில்தான். அந்தத் தாய் அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

சவுக்கும் வரிசையும்

புஹாரியின் முதல் ஆட்சியைப் பற்றிக் கேட்டால் நம் ஊரிலும் சிலர் கைதட்டக்கூடும். ஒழுங்கீனத்துக்கு எதிரான போர் என்று பெயர். பேருந்து நிறுத்தங்களில் சிப்பாய்கள் சவுக்கோடு நின்று மக்களை வரிசையில் நிறுத்தினார்கள். தாமதமாக வந்த அரசு ஊழியர்களைத் தவளைபோலத் தாவ வைத்தார்கள். "நம் நாட்டுக்கும் இப்படி ஒரு ஆள் வேண்டும்" என்று டீக்கடையிலும் கம்பெனி பஸ்ஸிலும் சொல்பவர்களை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். அதே ஆட்சி, அதிகாரிகளைச் சங்கடப்படுத்தும் செய்தி உண்மையாகவே இருந்தாலும் குற்றம் என்று ஆணையிட்டு, 1984-ல் இரண்டு பத்திரிகையாளர்களைச் சிறைக்கு அனுப்பியது. போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை என்ற சட்டத்தைப் பின்தேதியிட்டு அமல்படுத்தி, குற்றம் நடந்தபோது இல்லாத தண்டனையால் மூன்று இளைஞர்களைச் சுட்டுக் கொன்றது. வரிசை ஒழுங்கானது, பொருளாதாரம் ஒழுங்காகவில்லை. இருபது மாதங்களில் பபாங்கிடா அவரைக் கவிழ்த்தார்.

பபாங்கிடாவின் எட்டாண்டு ஆட்சியில் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொன்னால் போதும். 1993 ஜூன் 12. நைஜீரியா கண்ட தேர்தல்களிலேயே நேர்மையானது என்று இன்றும் பேசப்படும் அதிபர் தேர்தல் அன்று நடந்தது. தெற்கின் யொரூபா இனத்தைச் சேர்ந்த தொழிலதிபர் மொஷூத் அபியோலா, வடக்கிலும் வாக்கு வாங்கினார். எதிர் வேட்பாளரின் சொந்த மாநிலமான கானோவிலேயே அவர்தான் முன்னிலை. இனம், மதம், திசை எல்லாவற்றையும் தாண்டி நைஜீரியர்கள் ஒரே ஆளுக்கு வாக்களித்த அபூர்வ நாள் அது. 1966-ன் காயத்துக்கு மக்களே மருந்து போட்டிருந்தார்கள். பபாங்கிடா அந்தத் தேர்தலை ரத்து செய்தார்.

என் கணிப்பில், அந்த நாட்டு ராணுவம் செய்த குற்றங்களில் ரத்தம் சிந்தாத மிகப் பெரிய குற்றம் இதுதான். ரத்தம் பின்னால் வந்தது. நவம்பரில் ஆட்சியைப் பிடித்த சானி அபாச்சா, வெற்றியை உரிமை கோரிய அபியோலாவைச் சிறையில் அடைத்தார். கணவரின் விடுதலைக்காகப் போராடிய குதிரத் அபியோலா 1996-ல் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எண்ணெய்க் கம்பெனிகள் பாழாக்கிய ஒகோனி மண்ணுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சரோ-விவாவும் எட்டுத் தோழர்களும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். ஒபசாஞ்சோவே சிறையில் கிடந்தார். அபாச்சா 1998 ஜூனில் இறந்தபோது வெளிநாட்டு வங்கிகளில் அவர் குடும்பம் பதுக்கிய பணம் வெளிவந்தது. சுவிட்சர்லாந்து மட்டும் பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பிலான டாலர்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஊழலை ஒழிப்பதாக 1966-ல் தொடங்கிய பயணம் முடிந்த இடம் அது. அபாச்சா இறந்த அடுத்த மாதம் அபியோலாவும் காவலிலேயே இறந்துபோனார். விடுதலை என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம்.

2025 பிப்ரவரியில் வெளியிட்ட தன் வரலாற்று நூலில், அன்று வென்றது அபியோலாதான் என்று பபாங்கிடா ஒப்புக்கொண்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் தாமதம்.

ஸ்ரீபெரும்புதூர், 1991

அபியோலாவின் தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு இந்தியாவிலும் ஒரு தேர்தல் பாதியில் நின்றது. நின்ற இடம் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 20 அன்று முதல் கட்ட வாக்குப்பதிவு நடந்தது. மறுநாள் இரவு, காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்க வந்த ராஜீவ் காந்தி, மனித வெடிகுண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். உடன் இருந்த பொதுமக்களும் காவலர்களும் பலியானார்கள்.

அந்த இரவின் நிலையை நினைத்துப் பாருங்கள். டெல்லியில் இருந்தது காபந்து அரசு. தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. பஞ்சாபிலும் காஷ்மீரிலும் துப்பாக்கிச் சத்தம். அன்னியச் செலாவணி கரைந்து நாடு தங்கத்தை அடகு வைத்த ஆண்டு. அடுத்த பிரதமராக வரக்கூடியவர் என்று எதிர்பார்க்கப்பட்டவரே கொல்லப்பட்டுவிட்டார். ஒரு நாட்டின் ராணுவம் "இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வதற்கு இதைவிடத் தோதான நேரம் அமையாது. இந்திய ராணுவம் சொல்லவில்லை. தேர்தல் ஆணையம் மிச்சக் கட்டங்களை ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைத்தது. ஸ்ரீபெரும்புதூர் மக்கள் ஒரு மாதத்துக்குள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். மரகதம் சந்திரசேகர் வென்றார். ஜூன் 21 அன்று நரசிம்மராவ் பிரதமரானார்.

இதைப் படித்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதற்கு முன் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். ராஜீவின் மரணத்துக்கு இட்டுச் சென்ற வழியில் இந்திய ராணுவம் இருந்தது. 1987 ஜூலை ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையில் அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் புலிகளோடு போர் தொடுத்தது. அப்போது ராணுவத் தளபதி, செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி. யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் அந்தப் படையின் குண்டுகளுக்கு இரையானார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியது. அனுப்பும் முடிவை எடுத்தது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. அரசியல் தீர்க்க வேண்டியதைத் துப்பாக்கியிடம் ஒப்படைக்கும் தவறு ஜனநாயகத்திலும் நடக்கும். ஆனால் ஜனநாயகத்தில் அந்த முடிவைக் கேள்வி கேட்க முடிந்தது. 1989-ல் ஆட்சி மாறியது, புதிய அரசு படையைத் திரும்ப அழைத்தது.

இங்கே ஏன் வரவில்லை?

இந்திய ராணுவம் இயல்பிலேயே சாதுவானது, அதனால் அரசியலுக்கு வரவில்லை என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை. அதை எல்லைக்குள் நிறுத்தும் வேலையைச் சுதந்திரம் வந்த நாளிலிருந்தே அரசியல் தலைமை திட்டமிட்டுச் செய்தது. முப்படைக்கும் ஒரே தலைவர் என்ற பிரிட்டிஷ் கால ஏற்பாடு கைவிடப்பட்டது. தலைமைத் தளபதி வாழ்ந்த தீன்மூர்த்தி மாளிகை பிரதமரின் வீடானது. ஓய்வுபெற்ற தளபதி கரியப்பாவைத் தூதராக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். நெறிமுறைப் பட்டியலில் தளபதியின் இடம் கீழே இறங்கியது.

1966 ஜூனில், அதாவது நைஜீரியாவின் இரண்டு ஆட்சிக் கவிழ்ப்புகளுக்கும் நடுவில், இந்திய ராணுவத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் ஒரு தமிழர். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலத்தைச் சேர்ந்த ஜெனரல் பி.பி.குமாரமங்கலம். தந்தை சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் தலைவர்கள். இப்படி ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளையிடம் நாட்டின் ராணுவத்தை ஒப்படைக்க அன்றைய அரசு அஞ்சவில்லை. அவருடைய சொந்த மாநிலத்தில் 1967-ல் ஆட்சி மாறியபோது தளபதியின் கருத்து என்ன என்று யாரும் கேட்கவில்லை. இதைவிட ஆரோக்கியமான அறிகுறியை என்னால் யோசிக்க முடியவில்லை.

அரசியல்வாதிகள் எல்லை மீறியதும் உண்டு. மானெக்‌ஷா வெலிங்டன் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, அன்றைய பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆதரவோடு அவர் மீது தேசவிரோதக் குற்றச்சாட்டில் விசாரணையே நடந்தது. நிரபராதி என்று தீர்ப்பானது. வடகிழக்கிலும் காஷ்மீரிலும் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் ராணுவத்தோடு வாழும் மக்களுக்கு, இந்திய ராணுவம் முகாமுக்குள் இருக்கிறது என்று சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனாலும் அடிப்படைக் காரணம் என்று நான் நம்புவது ஒன்றுதான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு முதலமைச்சர் தோற்க முடிந்தது. தோற்றதும் வீட்டுக்குப் போனார். 1977-ல் நெருக்கடி நிலைக்குப் பின் பிரதமரே தோற்றார், அவரும் போனார். தன் கோபத்துக்கு வழி இருக்கிறது என்று நம்பும் மக்கள், சிப்பாயைத் தெருவில் மாலையோடு வரவேற்பதில்லை. 1966-ல் லாகோஸ் மக்கள் மகிழ்ந்ததற்கும் 1983-ல் மறுபடி மகிழ்ந்ததற்கும் காரணம், அதற்கு முன் நடந்த தேர்தல்கள் இரண்டும் களவாடப்பட்டிருந்ததுதான்.

இலங்கைத் தமிழர்களின் அனுபவம் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1962 ஜனவரியில் கொழும்பில் சில படை, போலீஸ் அதிகாரிகள் சிறிமாவோ அரசைக் கவிழ்க்க முயன்று தோற்றார்கள். அதன்பின் அதிகாரிகளின் விசுவாசத்தை இனத்தையும் மதத்தையும் வைத்து அளக்கும் பழக்கம் வேகம்பெற்று, ராணுவம் ஏறக்குறைய முழுக்கச் சிங்கள பௌத்தப் படையானது. 1983-ல் வெலிங்டனில் படித்த இலங்கை அதிகாரி கோத்தபய ராஜபக்சே, 2019-ல் தேர்தலில் வென்றே அதிபரானார். சுகாதாரம் தொடங்கித் தொல்லியல் பணிக்குழு வரை முன்னாள், இந்நாள் படை அதிகாரிகளை உட்காரவைத்தார். 2022 ஜூலையில் மக்கள் மாளிகைக்குள் புகுந்தபோது நாட்டை விட்டே ஓடினார். ஆட்சி கவிழாமலே ஆட்சிக்குள் ராணுவம் புகலாம் என்பதற்கு அவருடைய ஆட்சியே சான்று.

திரும்பிப் போகும் நீண்ட வழி

1999 மே 29 அன்று நைஜீரியாவில் மக்களாட்சி திரும்பியது. அதிபரானவர் சிறையிலிருந்து வந்த ஒபசாஞ்சோ. 2006-ல் மூன்றாம் முறையும் ஆள வழிசெய்யும் திருத்தத்தை நாடாளுமன்ற மேலவை தோற்கடித்தது, அவர் விலகினார். புஹாரி 2003, 2007, 2011 என மூன்று முறை தேர்தலில் தோற்று, ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்துக்குப் போனார். 2015-ல் வென்றார். பதவியில் இருந்த குட்லக் ஜொனாதன் முடிவு முழுதாக வருவதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். பதவியில் இருந்த அதிபர் நைஜீரியாவில் தேர்தலில் தோற்றது அதுவே முதல் முறை. 1983-ல் வாக்காளர்களை ஒதுக்கித் தள்ளிய அதே புஹாரி, 2018-ல் ஜூன் 12-ஐ மக்களாட்சி நாளாக அறிவித்தார். 2025 ஜூலையில் லண்டனில் காலமானார்.

ராணுவத்தின் முத்திரை இன்னும் அழியவில்லை. நாட்டின் 36 மாநிலங்களின் எல்லைகளும் ராணுவ ஆட்சிகளில் வரையப்பட்டவை. இன்றைய அரசமைப்புச் சட்டமே 1999-ல் ஒரு ராணுவ ஆணையாக வெளிவந்தது. 2020 அக்டோபரில் போலீஸ் அத்துமீறலை எதிர்த்து லாகோஸின் லெக்கி சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்த இளைஞர்கள் மீது சிப்பாய்கள் சுட்டார்கள். சுற்றிலும் மாலி, கினி, புர்கினா ஃபாசோ, நைஜர் என்று 2020 முதல் ஒவ்வொன்றாக ராணுவத்தின் கைக்குப் போயிருக்கின்றன. 2023 ஜூலையில் அண்டை நாடான நைஜரில் ஆட்சி கவிழ்ந்தபோது, படை அனுப்புவோம் என்று மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் தலைவராக நைஜீரிய அதிபர் டினுபு எச்சரித்தார். நைஜீரிய மேலவை அதற்குத் துணைபோகவில்லை, பேச்சுவார்த்தைதான் வழி என்றது. 1987-ல் நம் நாடாளுமன்றம் அப்படித் தடுத்து நிறுத்தியிருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்ற கேள்வி எனக்குள் எழாமல் இல்லை.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் செய்யப்படும் கார்களும் லாரிகளும் எண்ணூர், சென்னைத் துறைமுகங்கள் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. அங்கே ஒரு நாட்டில் எல்லை மூடப்பட்டால், வங்கிகள் முடங்கினால், அதன் அதிர்வு இங்கே ஒரு ஷிப்டில் தெரியும். ஆனால் வியாபாரத்துக்காக மட்டும் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாடு, நம்மைப் போலவே பல மொழிகளையும் மதங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கப் பாடுபடுகிறது.

2023 அதிபர் தேர்தலில் நைஜீரிய வாக்காளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் வாக்களித்தார். வாக்குச்சாவடி முடிவுகளை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றுவதாகச் சொன்ன தேர்தல் ஆணையம் சொன்னபடி செய்யவில்லை. இந்த அவநம்பிக்கைதான் எனக்கு ஜெனரல்களைவிட அதிகம் அச்சம் தருகிறது. வாக்காளர் பட்டியலைப் பற்றி நம் நாட்டிலும் கேள்விகள் எழும் காலம் இது. நம் தேர்தல் ஆணையம் அவற்றுக்குத் திறந்த மனதோடு பதில் சொல்லியாக வேண்டும்.

2027-ல் நைஜீரியா மறுபடி வாக்களிக்கிறது. அறுபது ஆண்டுகளாக அந்நாட்டு அதிகாரிகளுக்கு நம் ராணுவக் கல்லூரிகளில் இடம் கொடுத்து வந்திருக்கிறோம். அந்நாட்டுத் தேர்தல் அலுவலர்களையும் தொகுதி அளவில் வாக்கு எண்ணும் நம் அலுவலர்களோடு உட்காரவைத்து, அஞ்சல் வாக்கிலிருந்து கடைசிச் சுற்று வரை சொல்லிக்கொடுக்க இந்திய அரசு முன்வர வேண்டும். அதற்கான அழைப்பை டெல்லி இந்த ஆண்டே அனுப்ப வேண்டும்.